சட்டப் படிப்பும் அடித்தள ஆண்டும்: பெற்றோருக்கும் இளையோருக்கும் சில விளக்கங்கள்

(இலண்டனில் பெற்றோருக்கும் மாணவருக்குமாக நடைபெற்ற கல்வி வழிகாட்டல் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் சட்டம் படித்தவன் அல்லன். பொறியியல் படித்துக் கணினித் துறையில் பணியாற்றுபவன். எனினும் வார இறுதிகளில் நாம் நடத்தும் கல்வி உதவிப் பணியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி சட்டப் படிப்பைப் பற்றியதே. "நான்கு ஆண்டு எல்.எல்.பி. என்று போட்டிருக்கிறார்களே, அது உண்மையான பட்டந்தானா?" என்று தணிந்த குரலில் கேட்கிறார்கள். அக்குரலில் ஒரு வெட்கம் இருக்கிறது. அந்த வெட்கத்திற்கு இடமில்லை என்பதையும், அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடவும் கூடாது என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் எல்.எல்.பி. வழக்கமாக மூன்று ஆண்டுப் படிப்பு. அதற்கு முன்னால் ஓர் அடித்தள ஆண்டைச் சேர்த்து, நான்கு ஆண்டுகளுக்குமாக ஒரே விண்ணப்பத்தில் இடம் தருவதே நாம் பேசும் படிப்பு. அந்த முதல் ஆண்டில் கட்டுரை எழுதுதல், ஆதாரத்தோடு வாதத்தை அமைத்தல், ஆங்கிலச் சட்ட அமைப்பின் அறிமுகம் போன்றவை கற்பிக்கப்படும். தேறியவர்கள் மறு ஆண்டு மற்ற மாணவர்களுடன் அதே வகுப்பில் அமர்கிறார்கள். இறுதியில் கிடைப்பதும் அதே பட்டந்தான். பொதுவாக அடித்தள ஆண்டின் புள்ளிகள் பட்டத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகமே 2023இல் அரசுப் பள்ளி மாணவருக்காக அடித்தள ஆண்டைத் தொடங்கியது. அதன் பிரிவுகளுள் சட்டமும் ஒன்று. இடங்கள் மிகச் சில. எனினும் இது தரக்குறைவானவர்களின் வழி என்று சொல்வோருக்கு இதுவே போதிய பதில்.

இப்படிப்பு எவருக்கு உரியது? நம் சமூகத்தில் இரு வகைப் பிள்ளைகளை அடிக்கடி காண்கிறேன். முதலாமவர், தாயகத்திலிருந்தோ, பிரான்சு, ஜெர்மனி, நோர்வே போன்ற நாடுகளிலிருந்தோ பதினான்கு பதினைந்து வயதில் இங்கு வந்தவர். அறிவில் குறைவில்லை, ஆங்கிலத்தில் எழுதும் பழக்கம் போதாமையால் புள்ளிகள் குறைகின்றன. இரண்டாமவர், மருத்துவராக வேண்டும் என்ற வீட்டாரின் விருப்பத்திற்காக வேதியியலும் உயிரியலும் எடுத்து, விருப்பமின்றிப் படித்து, தாழ்ந்த புள்ளிகளுடன் நிற்பவர். சட்டத்தில் சேர ஏ லெவலில் சட்டப் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்லை. நன்றாக எழுதக்கூடிய பாடங்களில் உயர்ந்த புள்ளிகள் இருந்தால் போதும். பதினாறு வயதில் இதை எவரேனும் சொல்லியிருந்தால், அந்த இரண்டாமவருக்கு அடித்தள ஆண்டே தேவைப்பட்டிராது. பொறியாளன் ஒருவன் இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

முதல் வகைப் பிள்ளையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். இந்நாட்டின் அகதிச் சட்டத்தைப் படிக்கும் மாணவர் எவரும் சிவகுமாரன் வழக்கைக் கடந்தே செல்ல வேண்டும். அச்சம் நியாயமானதா என்பதை எப்படி அளப்பது என்று 1987இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வழக்கு அது. அங்கே நம்மவர்கள் தோற்றார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பின்னர் மேன்முறையீட்டில் வென்று 1989இல் மீண்டும் இங்கு வந்தார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் கே.வி. என்ற எழுத்துக்களால் மட்டும் அறியப்படும் ஒரு தமிழரின் உடலிலிருந்த தீத்தழும்புகளையும், அவை பற்றிய மருத்துவ அறிக்கையையும் ஆராய்ந்து, அவர் மேன்முறையீட்டை ஏற்றது. இத்தகைய வழக்குகள் வாக்குமூலங்களின் மேல் நிற்பவை. பெரியப்பாவின் மகனை "அண்ணா" என்று ஒருவர் சொல்ல, அது ஆங்கிலத்தில் "உடன்பிறந்த சகோதரன்" ஆகிவிட்டால், அடுத்த விசாரணையில் அதுவே முரண்பாடாகக் காட்டப்படலாம். அந்த இடத்தில் பிழையைக் கண்டு நிறுத்தக்கூடியவர் இரு மொழியும் அறிந்த சட்டத்தரணி. ஏ லெவல் புள்ளிப் பட்டியலில் கீழே நிற்கும், பிந்தி வந்த அந்தப் பிள்ளையிடம் இருக்கும் தமிழ், இங்கு பிறந்து உயர்ந்த புள்ளி பெற்ற பலரிடம் இல்லை.

இனிப் பணம். 2025-26 கல்வியாண்டிலிருந்து, சட்டம் போன்ற வகுப்பறைப் பாடங்களின் அடித்தள ஆண்டுக்கு இங்கிலாந்தில் 5,760 பவுண்டுக்கு மேல் அறவிட முடியாது. அதே கல்வியாண்டில் பட்டப்படிப்பு ஆண்டுக்கான உச்ச வரம்பு 9,535 பவுண்டு. சீட்டு எடுத்துக் கட்டணம் கட்டிய பெற்றோரை நான் அறிவேன். தகுதியுடைய பிள்ளைக்கு அது தேவையில்லை. 2023 ஆகஸ்டுக்குப் பின் முதன்முறையாகப் படிப்பைத் தொடங்கியவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டிய பகுதியில் 9 விழுக்காட்டை மட்டுமே மாணவர் கடனுக்குத் திருப்பிச் செலுத்துகிறார்கள். 30,000 உழைப்பவர் ஆண்டுக்கு 450 பவுண்டு கட்டுவார். நாற்பது ஆண்டுகளில் எஞ்சியது தள்ளுபடியாகும். ஆனால் கடன் பெறக்கூடிய ஆண்டுகளுக்கு வரம்பு உண்டு. வேறு படிப்பில் சேர்ந்து இடையில் விட்ட ஆண்டுகளும் அக்கணக்கில் சேரும்.

வதிவுரிமை இன்னும் நிரந்தரமாகாத குடும்பங்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். சாம்பியாவில் பிறந்து ஆறு வயதில் இங்கு வந்த ஒரு மாணவிக்கு, நிரந்தர வதிவுரிமை இல்லை என்று கடன் மறுக்கப்பட்டது. டைகெரே வழக்கு என்று அறியப்படும் அதில் 2015இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பின் விதி மாறியது. பதினெட்டு வயதைக் கடந்தவர், தம் வாழ்நாளில் பாதியையோ இருபது ஆண்டுகளையோ இங்கு கழித்து, கடைசி மூன்று ஆண்டுகள் முறையான அனுமதியுடன் வாழ்ந்திருந்தால் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். "எங்களுக்குக் கிடைக்காது" என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள்.

சேருமுன் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு. முதலாம் ஆண்டுக்குச் செல்ல வெறும் தேர்ச்சி போதுமா, அதைவிடக் கூடிய சராசரி வேண்டுமா? பாடம் பல்கலைக்கழக வளாகத்திலேயே நடக்கிறதா, அதன் பெயரில் வேறொரு கல்லூரி நடத்துகிறதா? கடந்த ஆண்டு அடித்தள ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மேலே சென்றார்கள்? பதில் தர மறுத்தால் அதுவும் ஒரு பதிலே. பிள்ளையின் புள்ளிகளுக்கு நேரடியாக மூன்று ஆண்டுப் படிப்பிலேயே இடம் கிடைக்குமெனில், நல்ல பல்கலைக்கழகமாக இருக்கும் பட்சத்தில் ஓராண்டை வீணாக்காதீர்கள். இந்த அவையில் இருக்கும் தாய்மார் எவரேனும் தாமே சட்டம் படிக்க விரும்பினால், திறந்த பல்கலைக்கழகம் எந்த முன்தகுதியும் கேட்பதில்லை.

பட்டம் பெற்றதும் சட்டத்தரணி ஆகிவிட முடியாது. 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கு எஸ்.கியூ.ஈ. என்ற இரு கட்டத் தேர்வும், ஈராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். முதற்கட்டத்தில் மட்டும் 360 கேள்விகள். பணி அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துப் பெறலாம்; சட்ட உதவி நிலையத்தில் முறையாகச் செய்யும் தொண்டுப் பணியும் கணக்கில் சேரும். பாரிஸ்டர் ஆவதற்கான வழி வேறு. பெரிய நிறுவனங்கள் சில ஏ லெவல் புள்ளிகளையும் கேட்பதுண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அடித்தள ஆண்டிலிருந்து கணக்கிட்டால் ஆறேழு ஆண்டுகளுக்குக் குறையாத பயணம் இது.

யூகாஸ் விண்ணப்பத்திற்குச் சனவரி நடுப்பகுதியை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் ஆகஸ்டில் கிளியரிங் மூலமும் இடங்கள் கிடைப்பதுண்டு. பின்வரிசையில் சட்டம் பயிலும் மூன்று இளையோர் அமர்ந்திருக்கிறார்கள்; அவர்களில் இருவர் அடித்தள ஆண்டு வழியாகச் சென்றவர்கள். தேநீர் இடைவேளையில் அவர்களிடம் கேளுங்கள். பெற்றோர் கேட்பதைவிடப் பிள்ளைகள் தனியே சென்று கேட்பது நல்லது.