வீட்டுக் கணினியில் தரவுத்தளம்: அமைப்பும் காவலும்



இணையத்தளம் என்றவுடன் கண்ணுக்குத் தெரியும் பக்கமே நம் நினைவுக்கு வருகிறது. அப்பக்கத்தின் பின்னே, பெயர்களையும் முகவரிகளையும் மதிப்பெண்களையும் முறைப்படி அடுக்கிவைத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் பண்டகசாலை ஒன்று உண்டு. அதுவே தரவுத்தளம். தரவுகளை அட்டவணைகளாக அமைத்துத் தொடர்புபடுத்தும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் 1970-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வகுத்தளித்தார். அம்முறையைப் பின்பற்றி 1995-இல் சுவீடனில் தோன்றியது மைஎஸ்கியூஎல். 2009-இல் அதிலிருந்து கிளைத்தது மரியாடிபி. இவற்றை நாம் விலையின்றிப் பெற்று, நம் கணினியிலேயே நிறுவிப் பயிலலாம்.

ஆயினும், நம் கணினியில்தானே இருக்கிறது என்ற எண்ணத்தால் காவலை மறந்துவிடுகிறோம். சர்வர் என்பது கேட்போருக்கு விடையளிக்கக் காத்திருக்கும் நிரலாகும். மைஎஸ்கியூஎல்லும் மரியாடிபியும் வழக்கமாக 3306 என்னும் எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கின்றன. அவ்வாயில் வெளியாருக்குத் திறந்திருந்து, கடவுச்சொல்லும் இல்லாவிட்டால், கேட்பவர் யாரென்று பாராமல் விடை சென்றுவிடும். 2017 சனவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, மீட்புப் பணம் கேட்கப்பட்டது. அங்கே பூட்டை உடைக்க வேண்டிய தேவையே எழவில்லை. அவை கடவுச்சொல் இன்றி இணையத்தை நோக்கித் திறந்து கிடந்தன.

எனவே, அமைக்கும்போதே செய்ய வேண்டியவை சில உள.

முதலாவது, வாயிலை அடைத்தல். அமைப்புக் கோப்பில் ‘பைண்ட் அட்ரஸ்’ என்னும் வரியில் 127.0.0.1 என்று எழுதுவோம். அது ஒரு கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. அங்கே 0.0.0.0 என்று இருப்பின், சர்வர் எல்லாத் திசைக்கும் செவிகொடுக்கும்.

இரண்டாவது, தலைமைப் பயனரைக் காத்தல். ‘ரூட்’ எனப்படும் இப்பயனருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. சாம்ப் போன்ற பயிற்சித் தொகுப்புகளில் இப்பயனர் கடவுச்சொல் இன்றியே வருகிறார். உடனே நீண்ட கடவுச்சொல் ஒன்றை இடுவோம். பெயரற்ற பயனர்கள் இருப்பின் நீக்குவோம்.

மூன்றாவது, அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தல். ஒவ்வொரு திட்டத்திற்கும் தனித் தரவுத்தளமும் தனிப் பயனரும் அமைப்போம். படித்தல், சேர்த்தல், திருத்தல், நீக்கல் என்பவற்றுள் அத்திட்டத்திற்குத் தேவையானவற்றை மட்டும் அவருக்கு வழங்குவோம். கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வைப்போம். நிரலைப் பிறருடன் பகிரும்போது அக்கோப்பை விலக்குவோம்.

நான்காவது, உள்ளே வரும் சொல்லை நம்பாதிருத்தல். படிவத்தில் ஒருவர் எழுதியதை அப்படியே கட்டளையோடு ஒட்டினால், அவர் எழுதியதே கட்டளையாக மாறித் தரவைக் கவர்ந்து செல்லக்கூடும். கட்டளையை முன்னரே ஆயத்தம் செய்து, மதிப்புகளைத் தனியே அனுப்புவதே முறை.

ஐந்தாவது, நகல் வைத்தல். தரவுத்தளத்தின் நகலை வேறோர் இடத்தில் வைப்பதோடு, அதிலிருந்து மீண்டும் அமைக்க இயலுகிறதா என்றும் பார்ப்போம்.

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. பயிற்சிக்கு உண்மை மனிதரின் விவரங்களை எடுத்தாளலாகாது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவி தன் சாதிச் சான்றிதழையும், தந்தையின் வருமானத்தையும், தொலைபேசி எண்ணையும் நம்பிக்கையோடு தருகிறாள். அவை வெளியானால் அவள் எங்கெங்கு என்னென்ன கேட்க நேரும் என்பதை இவ்வவையினருக்கு விளக்க வேண்டியதில்லை. கடவுச்சொல்லை மாற்றலாம், வெளிப்பட்டுவிட்ட விவரத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆதலால் கற்பனைப் பெயர்களைக் கொண்டே நாம் பயில்வோம்.

நாளை அலுவலகங்களிலும் வங்கிகளிலும் மக்களின் விவரங்கள் நம் இளைஞர்களின் கையில் ஒப்படைக்கப்படும். அவற்றைக் காக்கும் பழக்கத்தை இன்று வீட்டுக் கணினியிலேயே தொடங்குவோம்.