ஆங்கிலத்தை அறிந்து கற்போம்
(மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹுத்தஆலா அர்ரூம் அத்தியாயத்தில் (30:22) குறிப்பிடுகின்றான். நாயகம் (ஸல்) அவர்கள் ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கப் பணித்த செய்தி திர்மிதியில் உள்ளது. ஆகவே, பிறமொழி கற்பது மார்க்கத்திற்குப் புறம்பானதன்று.

ஆனால் நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தைக் கற்பதில்லை, மனனம் செய்கின்றனர். கைடில் உள்ள கட்டுரை வினாத்தாளில் வராவிடில் பேனா நின்றுவிடுகின்றது. இவ்வச்சமே சிலருடைய மேற்படிப்பைத் தடுத்துவிடுகின்றது.

முதலில் இலக்கணம். நஹ்வில் சொற்களை இஸ்மு, ஃபிஅல், ஹர்ஃபு என மூன்றாகப் பகுக்கின்றோம். ஆங்கிலத்தில் எட்டாகப் பகுப்பது மரபு. 'அவர் ஆசிரியர்' என வினைச்சொல்லின்றித் தமிழில் கூறுகின்றோம். அரபியிலும் 'ஹுவ முஅல்லிமுன்' என்றால் போதும். ஆங்கிலத்திலோ 'ஹி இஸ் எ டீச்சர்' என 'இஸ்' வந்தே தீரவேண்டும். 'எ' என்பதையும் விடலாகாது. தமிழில் வினை இறுதியில் நிற்கும்; ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினையும் அதன்பின் செயப்படுபொருளும் வரும். நம் பிள்ளைகளின் பிழைகள் பெரும்பாலும் இவ்வேறுபாடுகளிலிருந்தே பிறக்கின்றன.

அடுத்து கவிதை. அரபுக் கவிதையின் யாப்பைக் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள் 8ஆம் நூற்றாண்டில் 15 பஹ்ருகளாக வகுத்தார்கள். ஆங்கிலக் கவிதைக்கும் அளவுண்டு. 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் பொதுவாக 14 அடிகள் கொண்டவை. கடைசி இரண்டடிகள் இயைபு பெற்று முடியும். கவிதையைப் படிக்கும்போது நான்கு வினாக்களைக் கேளுங்கள்: பேசுபவர் யார்? யாரிடம் பேசுகின்றார்? உவமை எது? கருத்து எவ்விடத்தில் திரும்புகின்றது? விடைக்குச் சான்றாகக் கவிதையின் சொல்லையே காட்டுங்கள்.

கட்டுரை, ஜும்ஆ பயானைப் போன்றதே. தொடக்கத்தில் பொருளைக் கூறுக. ஒரு பத்திக்கு ஒரு கருத்து வைத்து ஆதாரம் தருக. முடிவில் சுருக்கிச் சொல்லுக. எழுதியபின் வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை தனியே சரிபார்த்தல் நலம்.

பெரியோர்களே! மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மதரஸாக் கூடத்தை இதற்கென ஒதுக்குவோம். பட்டம் பெற்ற நம் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், இளையவர்களுக்குக் கற்பிக்க முன்வரட்டும். மாணவர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு ஐந்து வாக்கியமாவது சொந்தமாக எழுதட்டும். இன்ஷா அல்லாஹ், அச்சம் நீங்கும்.

பயனுள்ள கல்வியை நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.