படம் வரைந்தால் புரோகிராம்: லேப்வியூவின் புதிய வசதிகளும் நமது மோட்டார் பேனலும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கருவியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



செயலாளர் என்னிடம் இரண்டு விஷயங்களைப் பேசச் சொன்னார். ஒன்று, இன்ஜினீயரிங் படிக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் 'லேப்வியூ' என்றால் என்ன, அதில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பது. இன்னொன்று, நமது சம்ப் மோட்டாருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் புது கன்ட்ரோல் பேனல் போடப் போகிறோமே, கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் எதைக் கேட்க வேண்டும் என்பது. இரண்டும் தனித்தனி விஷயம் மாதிரித் தெரியும். கடைசி வரை கேட்டால் தொடர்பு புரிந்துவிடும்.

எழுதாமல் வரைவது

கம்ப்யூட்டர் புரோகிராம் என்றால் வரிவரியாக எழுதுவது என்றுதான் நினைக்கிறோம். லேப்வியூவில் வரி கிடையாது, பெட்டிகளும் கோடுகளும்தான். நம் மேல்நிலைத் தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும் சென்சார் ஒரு பெட்டி. அந்த அளவு 20 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டதா என்று பார்ப்பது இன்னொரு பெட்டி. சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. இரண்டு கேள்விக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால் மோட்டாரை ஓட்டுவது நான்காவது. இவற்றைக் கோடு போட்டு இணைத்துவிட்டால் புரோகிராம் முடிந்தது.

இதில் ஒரே ஒரு விதிதான். ஒரு பெட்டிக்கு வரவேண்டிய தகவல் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அது வேலை செய்யும். நம் ஊரில் முத்துக்குளித்த காலத்தில், கடலடியில் இருப்பவர் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தால்தான் படகில் கயிறு பிடித்திருப்பவர் அவரை மேலே தூக்குவார். பக்கத்துப் படகில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. லேப்வியூவும் அப்படித்தான். ஒன்றையொன்று சாராத வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இருந்த நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இதை 1986-ல் வெளியிட்டது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜெஃப் கோடோஸ்கி. முதல் பதிப்பு ஆப்பிளின் மேக்கின்டாஷில் மட்டும்தான் ஓடியது. இன்று ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடம் முதல் நம் பாலிடெக்னிக் லேப் வரை இது இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் கருவியியல் மாணவர்கள் 'விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்டேஷன்' என்று படிப்பதில் பெரும்பகுதி இதுதான்.

புதிதாக என்ன வந்தது?

முதலில் ஒரு வேடிக்கை. தவறாக வரைந்துவிட்டால் ஒரு படி பின்னால் போகும் 'அன்டூ' வசதி இதில் 1998-ல், ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை பன்னிரண்டு ஆண்டுகள் பொறியாளர்கள் அது இல்லாமலேயே சமாளித்தார்கள். ஆகவே புதிய வசதி என்றால் எப்போதும் பிரமாண்டமாக இருக்க வேண்டியதில்லை. அன்றாட வேலையில் எது தலைவலியைக் குறைக்கிறதோ அதுதான் நல்ல வசதி.

அந்தக் கணக்கில் நான் முக்கியமாக நினைப்பவை மூன்று.

2018 பதிப்பில் பைத்தான் மொழியில் எழுதியதை லேப்வியூ வரைபடத்துக்குள்ளிருந்தே கூப்பிடும் வசதி வந்தது. உங்கள் பிள்ளைக்குப் பைத்தான் தெரிந்திருந்தால் அந்த உழைப்பு இங்கேயும் பயன்படும். கருவியிலிருந்து அளவெடுப்பதை லேப்வியூ செய்யும், கணக்குப் போடுவதைப் பைத்தான் செய்யும்.

2020-ல் இலவசமான 'கம்யூனிட்டி' பதிப்பு வந்தது. அர்டுயினோ, ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டுகளோடும் இது வேலை செய்யும். வீட்டில் சொந்த ஆர்வத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் இதை வைத்துத் தொழில் செய்யக்கூடாது. கல்லூரிப் பாட வேலைக்குக் கல்லூரியின் உரிமத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திருட்டுக் காப்பி தேட வேண்டிய அவசியமே இப்போது இல்லை.

2025-ல் 'நைஜல்' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்தது. சந்தேகத்தைக் கேட்டால் பதில் சொல்லும். நல்லதுதான். ஆனால் மோட்டார் எரிந்தால் நைஜல் வந்து பதில் சொல்லாது. வரைந்தவர்தான் சொல்ல வேண்டும்.

புதியது எல்லாம் நிலைக்காது

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2017-ல் அந்த நிறுவனம் 'லேப்வியூ என்எக்ஸ்ஜி' என்று புத்தம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. பார்க்க அழகாக இருந்தது, வரைபடத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கலாம். எதிர்காலமே இதுதான் என்றார்கள். 2020-லேயே, இனி இதைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அவசரப்பட்டு அதற்கு மாறியவர்கள் பழையதற்கே திரும்ப வேண்டியதாயிற்று.

2022-ல் ஆண்டுச் சந்தா கட்டினால்தான் மென்பொருள் என்றார்கள். பயனாளர்கள் முணுமுணுத்தார்கள். 2024-ல் ஒரேயடியாக வாங்கும் உரிமம் மறுபடி வந்தது. இதற்கிடையே 2023 அக்டோபரில் எமர்சன் நிறுவனம் 820 கோடி டாலருக்கு நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸையே வாங்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பழைய பதிப்பில் வரைந்ததைப் புதிய பதிப்பு திறந்துவிடும். புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. 'முந்தைய பதிப்புக்காகச் சேமி' என்று தனியாகச் சேமித்தால்தான் உண்டு. இப்போது ஆண்டுக்கு இரண்டு பதிப்பு வருகிறது. ஒரே புராஜெக்டில் வேலை செய்யும் நாலு மாணவர்கள் நாலு பதிப்பு வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் நாளே ஒரே பதிப்பு என்று பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், ஒரு சோதனைக் கருவி பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் கம்ப்யூட்டர் செத்துப்போனது. இயங்கும் கோப்பு மட்டும் பேக்கப்பில் இருந்தது. வரைபடம் உள்ள மூலக் கோப்பு, செய்து கொடுத்த ஒப்பந்ததாரரிடம். அவர் தொழிலையே விட்டுவிட்டார். இயங்கும் கோப்பிலிருந்து வரைபடத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள்.

நமது பேனலுக்கு வருவோம்

நமக்கு வரப்போவது லேப்வியூ அல்ல, பிஎல்சி. அதிலும் படம்தான். 'லேடர்' என்பார்கள், ஏணி வரைபடம். இரண்டு பக்கமும் கம்பம், நடுவே படிகள். ரிலே வயரிங் தெரிந்த எலக்ட்ரீசியன் அதைப் படித்துவிடுவார். ஐ.இ.சி. 61131-3 என்ற உலகத் தரத்தில் 1993 முதல் இந்த மொழி இருக்கிறது. ஆனாலும் ஒரு கம்பெனி பிஎல்சியின் கோப்பை இன்னொரு கம்பெனி மென்பொருளில் அப்படியே திறந்துவிட முடியாது. ஆகவே லேப்வியூ கதையில் வந்த தொல்லைகள் எல்லாம் இங்கேயும் வரும்.

கொட்டேஷனில் இந்த ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும்:

1. புரோகிராமின் மூலக் கோப்பு, விளக்கக் குறிப்புகளோடு, சங்கத்தின் கைக்கு வர வேண்டும். பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதுவும். பாக்கித் தொகையைத் தருவது இதற்குப் பிறகுதான்.

2. மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் குறிப்பிடப்பட வேண்டும். உரிமம் நிரந்தரமா, ஆண்டுச் சந்தாவா, சந்தா என்றால் யார் கட்டுவது என்பதும்.

3. 'ஆட்டோ – மேனுவல்' சுவிட்ச் கட்டாயம். மேனுவலில் போட்டால் பிஎல்சி செத்திருந்தாலும் மோட்டார் ஓட வேண்டும். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் சம்ப் வரை வந்துவிட்டு, மேலே ஏறாமல் நிற்கக்கூடாது.

4. வயரிங் படமும் ஏணி வரைபடமும் அச்சிட்டு, பேனல் கதவின் உள்பக்கப் பையில் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வரும் எலக்ட்ரீசியனுக்கு அதுதான் துணை.

5. உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊர் இது. இங்கே உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. பேனல் பெட்டி ஐபி 65 தரத்தில் இருக்க வேண்டும். புரோகிராம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சென்சார் முனை துருப்பிடித்தால் அதற்குத் தவறான தகவல்தான் போகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் நம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை திறந்துவிட்டது. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோ ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் இருக்கவே இருக்கின்றன. இங்கெல்லாம் அளவெடுக்கவும், சோதிக்கவும், கட்டுப்படுத்தவும் தெரிந்தவர்கள் வேண்டும். எந்த மென்பொருள் என்பது மாறிக்கொண்டே இருக்கும். தகவல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கும் பழக்கம் இருந்தால் பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்வார்கள்.

கம்யூனிட்டி பதிப்பை நிறுவிப் பார்க்க விரும்பும் மாணவர்கள் ஞாயிறு காலை சங்க அறைக்கு லேப்டாப்போடு வரலாம். நம் தொட்டியையே முதல் பாடமாக வரைந்து பார்ப்போம். பேனல் கொட்டேஷன் வந்ததும் இந்த ஐந்தையும் வைத்துக் குழுவினரோடு நானும் உட்கார்ந்து சரிபார்க்கிறேன்.