கைவிடப்பட்ட பாதையில் மீண்டும் ரயில்



ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். தேர் ஓடும் வீதி சரியாக இருந்தால் ஊர் கூடி இழுத்துவிடலாம். அந்த வீதியிலேயே காடு மண்டிக் கிடந்தால் என்ன செய்வது? இன்று நாம் பேசப்போவது அப்படிப்பட்ட ஒரு பாதையைப் பற்றித்தான். பிரிட்டனின் மேற்குப் பகுதியில் இருக்கிறது வேல்ஸ் நாடு. அங்கே மூடப்பட்டு, முட்செடி வளர்ந்து, எல்லாராலும் கைவிடப்பட்ட ஒரு மலை ரயில் பாதையைக் கூலி வாங்காத தொண்டர்கள் சீர்ப்படுத்தினார்கள். அதில் மறுபடியும் ரயிலை ஓட்டினார்கள். முதல் மைலில் வண்டி ஓடிய நாளிலிருந்து கடைசி ஊரைச் சென்று சேர அவர்களுக்கு 27 ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் பாதையின் பெயர் பெஸ்டினியோக் ரயில்வே. பெயர் வாயில் நுழையச் சற்றுக் கடினமாக இருக்கலாம். ஆனால் அந்த ரயில் சுமந்த பொருளை நமக்கு நன்றாகவே தெரியும். அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகிய சிலேட்டை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிலேட்டுக் கல்தான் வேல்ஸ் மலைகளில் ஏராளமாகக் கிடைத்தது. அதை மெல்லிய பலகைகளாகப் பிளந்து, வீட்டுக் கூரைகளில் ஓடுபோல வேய்ந்தார்கள். மலைமேல் இருக்கும் பிளைனாய் பெஸ்டினியோக் என்ற ஊரில் கல் வெட்டினார்கள். கீழே கடலோரத்தில் இருக்கும் போர்த்மாடோக் துறைமுகத்தில் அதைக் கப்பலேற்றினார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே பதின்மூன்றரை மைல் தூரம். மேல் ஊர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 700 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கல்லைக் கீழே கொண்டுவருவதற்காக 1832ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 1836இல் பாதை திறக்கப்பட்டது.

இது மிகக் குறுகிய பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே இரண்டு அடிகூட இல்லை. அரை அங்குலம் குறைவு. நம் நாட்டில் சில செம்பனைத் தோட்டங்களில் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் சிறு ரயிலைப் பார்த்தவர்களுக்கு இதன் அளவு உடனே விளங்கும். தொடக்கத்தில் இதில் இன்ஜின் கிடையாது. மேலிருந்து கீழே வரும் பாதை பெரும்பாலும் சீரான சரிவாக அமைக்கப்பட்டிருந்தது. கல் ஏற்றிய வண்டிகள் தம் பாரத்தாலேயே உருண்டு வந்தன. பிரேக் பிடிக்கும் ஆட்கள் மட்டும் வண்டியில் இருப்பார்கள். வெறும் வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துச் செல்லும். இறங்கும்போது அந்தக் குதிரைகளும் ஒரு தனி வண்டியில் ஏறி நின்று, தீனி தின்றபடியே கீழே வரும். 1863இல் நீராவி இன்ஜின் வந்தது. 1865இல் பயணிகள் வண்டியும் ஓடத் தொடங்கியது. இவ்வளவு குறுகிய பாதையில் இன்ஜின் ஓடுவதை நேரில் காண 1870இல் ரஷ்யாவிலிருந்துகூட ஒரு குழு வந்து போயிற்று.

ஏற்றம் உண்டானால் இறக்கமும் உண்டு. காலம் மாறியது. கூரைக்கு வேறு ஓடுகள் வந்தன. சுமைக்கு லாரிகள் வந்தன. சிலேட்டுத் தொழில் தளர்ந்தது. 1939இல் பயணிகள் வண்டி நின்றது. 1946 ஆகஸ்ட் முதல் தேதி எல்லா வண்டிகளும் நின்றன. வண்டிகள் நின்ற இடத்திலேயே துருப்பிடித்தன. தண்டவாளங்களுக்கு நடுவே செடி முளைத்து மரமாயிற்று.

அப்படியானால் தண்டவாளத்தைப் பிடுங்கி இரும்பு விலைக்கு ஏன் விற்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்த 1832ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதையை எப்படிப் போடுவது என்று சொல்லியிருந்தார்கள். எப்படிக் கைவிடுவது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே சட்டப்படி அதைக் கலைக்க முடியாமல் போயிற்று. பாதை தப்பியது இப்படித்தான்.

இந்த நிலையில், இருபது வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞர், இந்த ரயிலை மீட்க வேண்டும் என்று ஆர்வலர்களைக் கூட்டினார். 1951இல் பிரிஸ்டல் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. அதே ஆண்டில்தான் வேல்ஸிலேயே டாலிலின் என்ற இன்னொரு சிறு ரயிலைத் தொண்டர்கள் ஏற்று ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். தொண்டர்களே ரயில் ஓட்டுவது உலகத்தில் அதுவே முதல் தடவை. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை இவர்களுக்கும் பிறந்தது. ஆனால் பெஸ்டினியோக் ரயில்வேயின் தலைமேல் பழைய கடன் சுமை இருந்தது. 1954இல் ஆலன் பெக்லர் என்ற வணிகர் கம்பெனியின் பெரும்பாலான பங்குகளைப் பெற்றார். அவற்றைத் தம் சொத்தாக வைத்துக்கொள்ளாமல் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். பொதுக் காரியத்துக்கு உழைக்க வருகிறவன், தன் உழைப்பு யாரோ ஒருவருடைய பைக்குப் போகாது என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு இந்த அறக்கட்டளை ஆதாரமாக இருந்தது.

சரி, புதர் மண்டிய பாதையை எப்படிச் சீர்ப்படுத்தினார்கள்? முதலில் வெட்டுக்கத்தியும் அரிவாளும் கொண்டு செடிகொடிகளை அகற்ற வேண்டும். அடுத்தபடி, அடைத்துக் கிடக்கும் கால்வாய்களைத் தூர் வார வேண்டும். மழைநீர் தேங்கினால் எந்தப் பாதையும் நிற்காது. தோட்டச் சாலையைப் பார்த்தே நாம் இதை அறிவோம். பிறகு இற்றுப்போன சிலிப்பர் கட்டைகளைப் பெயர்த்தெடுத்துப் புதிய கட்டைகளை வைக்க வேண்டும். அவற்றின்மேல் தண்டவாளத்தைப் பொருத்தி முடுக்க வேண்டும். இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாகத் தண்டவாளத்தைச் சற்றே நெம்பித் தூக்கி, கட்டைகளின் அடியில் சரளைக் கல்லைத் திணித்து இறுக்க வேண்டும். சரளைதான் வண்டியின் பாரத்தைத் தரையில் பரப்புகிறது, நீரையும் வடியவிடுகிறது. இப்படிச் சில கஜ தூரம் முடித்தால், அப்புறம் அடுத்த சில கஜம்.

இந்த வேலைக்கு வந்தவர்கள் யார்? ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், பட்டறைத் தொழிலாளிகள், மாணவர்கள். ஆண்களும் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். வாரம் முழுவதும் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, ஓய்வு நாளில் மலைக்கு வந்தார்கள். அவர்களில் பலருக்குத் தண்டவாள வேலை தெரியாது. ரயில்வேயில் முன்பு வேலை பார்த்த உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் திரும்பி வந்து கற்றுக்கொடுத்தார்கள். தெரிந்தவர் சொல்ல, தெரியாதவர் கேட்டார். நம் நாட்டில் இதைக் கோத்தோங் ரோயோங் என்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதை முழுவதும் முடிந்த பிறகுதான் ரயில் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1955 ஜூலை 23ஆம் தேதி, துறைமுக ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்கு மட்டும் வண்டியை ஓட்டினார்கள். அந்த ஒரு மைலில் கிடைத்த கட்டணம் அடுத்த மைலுக்கு உதவியது. 1956இல் கொஞ்சம், 1957இல் கொஞ்சம், 1958இல் பாதி வழி என்று ரயில் மலை ஏறிற்று.

அப்போதே பெரிய தடை ஒன்று காத்திருந்தது. மலைமேல் மின்சார நிலையம் கட்டும் திட்டம் அது. இரவில் மின்சாரம் மிஞ்சும்போது கீழ் ஏரியின் நீரை மேல் ஏரிக்கு ஏற்றி, தேவையான நேரத்தில் அதைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். நாட்டுக்குத் தேவையான திட்டம்தான். ஆனால் கீழ் ஏரி அமைந்தால் ரயில் பாதையில் ஒரு பகுதி, பழைய சுரங்க வழியின் ஒரு முனையோடு சேர்ந்து, நீருக்குள் போய்விடும். அப்படியே ஆயிற்று. மின் நிலையம் 1963இல் திறக்கப்பட்டது. ரயில்வே நட்ட ஈடு கேட்டு வழக்காடியது. அந்த வழக்கு 18 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1972இல்தான் ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுனுக்கு மேற்பட்ட தொகை கிடைத்தது.

வழக்கு முடியட்டும் என்று அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தால், அந்தப் பாதை பாதியிலேயே நின்றிருக்கும். அவர்கள் அப்படி உட்காரவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1965 ஜனவரி 2ஆம் தேதி, ஏரியைச் சுற்றிப் புதிய பாதை போட மண் வெட்டத் தொடங்கினார்கள். பழைய பாதையைச் சீர்ப்படுத்துவது ஒன்று. வெறும் மலையில் இரண்டரை மைலுக்குப் புதுப் பாதை வெட்டுவது வேறொன்று. ஏரிக்கு மேலே போக வேண்டுமானால் ரயில் இன்னும் 35 அடி உயர வேண்டும். செங்குத்தாக ரயில் ஏற முடியாது. ஆகவே பாதையை ஒரு பெரிய வளையமாகச் சுற்றிவிட்டு, தன்னைத் தானே பாலத்தின்மேல் கடந்து செல்லும்படி அமைத்தார்கள்.

பிரிட்டனின் பல பகுதிகளிலிருந்தும் தொண்டர்கள் குழு குழுவாக முறை வைத்து வந்தார்கள். மழையிலும் குளிரிலும் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்தார்கள். பாறையை உடைத்து, சிறு தள்ளுவண்டிகளில் ஏற்றி, பள்ளத்தில் கொட்டிக் கரை எழுப்பினார்கள். அருகில் குடியிருந்த முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவர் வெடி வைக்கும் உரிமம் பெற்றவர். அந்த வேலையை அவர் பார்த்துக்கொண்டார். ஆயினும், மலையைக் குடைந்து ஏறக்குறைய 280 மீட்டர் நீளத்துக்குப் புதிய சுரங்க வழி அமைக்கும் வேலைக்குத் தொண்டர்களை அனுப்பவில்லை. சுரங்கத் தொழிலில் பழகியவர்களைக் கூலிக்கு அமர்த்தி, 1975 முதல் 1977 வரை அதை முடித்தார்கள். ஆர்வம் இருக்கிறது என்பதற்காக உயிருக்கு ஆபத்தான வேலையில் யாரையும் இறக்கிவிடக் கூடாது. இந்தப் பொறுப்புணர்ச்சியையும் நாம் பாராட்ட வேண்டும்.

1978இல் ரயில் ஏரியைக் கடந்தது. 1982 மே 25ஆம் தேதி மலையூருக்கே வந்து சேர்ந்தது. பாதைக்குச் சட்டம் இயற்றி அப்போது சரியாக 150 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர்கள் அதோடு ஓயவில்லை. அதே துறைமுக ஊரிலிருந்து கார்னார்வன் நகரத்தின் அருகே வரை செல்லும் இன்னொரு சிறு ரயில் பாதை இருந்தது. அது 1937இல் மூடப்பட்டு, போர்க் காலத்தில் தண்டவாளங்களும் பிடுங்கப்பட்டுவிட்டன. அதையும் தொண்டர்களின் உழைப்பைச் சேர்த்து மீண்டும் போட்டு, 2011இல் முழுவதும் திறந்தார்கள். 2021இல் வேல்ஸின் சிலேட்டு மலைப் பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தபோது, பெஸ்டினியோக் ரயில்வேயும் அதில் இடம்பெற்றது. இன்று அந்த ரயிலைப் பார்க்க வெளியூரார் வருகிறார்கள். உள்ளூரில் சிலருக்கு அங்கே நிரந்தர வேலையும் இருக்கிறது.

நேயர்களே, பழைய ரயிலை மீட்டால் யாருக்குச் சோறு கிடைக்கும் என்று கேட்பவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். அது தவறான கேள்வி அன்று. பிள்ளைகளின் படிப்பும் வீட்டுச் செலவும்தான் நமக்கு முதல் கவலை. ஆனாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்த மலையூர் மக்கள் கல் வெட்டியவர்கள். நம்மைப் போலவே ஒரே தொழிலை நம்பி ஒரே இடத்தில் வாழ்ந்தவர்கள். தொழில் தளர்ந்தபோது ஊரும் தளர்ந்தது. ரயிலும் போயிருந்தால், தங்கள் பாட்டன் என்ன செய்தான் என்று பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே ஓர் அடையாளம் குறைந்திருக்கும்.

நம் நாட்டில் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. நம் நாட்டுத் தண்டவாளங்களைப் போட்டதிலும் காத்ததிலும் தமிழ்த் தொழிலாளரின் வியர்வை கலந்திருக்கிறது. அந்த முதல் பாதை இன்று இல்லை. போர்ட் வெல்ட் இப்போது கோலா செபெத்தாங் என்று அழைக்கப்படுகிறது. நிலையத்தின் பெயர்ப் பலகை அங்கே நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

நாம் ரயில் பாதை போட வேண்டியதில்லை. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பழைய தோட்டத்தின் கோயில், பள்ளிக்கூடம், படிப்பகம், இடுகாடு ஆகியவற்றில் எதுவெல்லாம் புதர் மண்டிக் கிடக்கிறது? முழுவதையும் ஒரே நாளில் செய்ய எண்ணினால் மலைப்பாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சேர்ந்து ஒரு மூலையைச் சுத்தம் செய்யலாம். நிலம் பிறருடையதானால் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வசூலாகும் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்கு எழுதி எல்லாரும் பார்க்க வையுங்கள். வயதான தாத்தா பாட்டிகளை அழைத்து உட்கார வைத்து, இது எப்போது கட்டியது, யார் கட்டியது என்று கேளுங்கள். பிள்ளைகள் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். அடுத்த மாதம் அடுத்த மூலை.

வேல்ஸ் மலையில் முதல் நாள் புதர் வெட்டியவர்களில் சிலருக்குக் கடைசி ஊரில் ரயில் நுழைந்ததைக் காணும் பேறு கிடைக்காமலும் போயிருக்கலாம். அவர்கள் வெட்டிய பாதையில்தான் இன்றும் வண்டி ஓடுகிறது.