படித்துறையில் ஒரு சரிவு வேண்டும்



நெல்லையில், தாமிரபரணியின் கரையில், குறுக்குத்துறையிலிருந்து சிந்துபூந்துறை வரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை வேண்டும். அதைக் கேட்கத்தான் இங்கே நிற்கிறேன்.

இந்த ஆற்றைக் கடக்க ஒரு காலத்தில் படகுதான் கதி. சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டார். 1843இல் பாலம் வந்தது. நெல்லையும் பாளையங்கோட்டையும் சேர்ந்தன. ஆனால் அந்தப் பாலத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீரைக் கையால் தொட முடியாதவர்கள் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார்கள். முட்டி தேய்ந்த ஆச்சிக்குப் படித்துறையின் முதல் படியே மலை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அங்கே வழியே கிடையாது.

பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் நூறாண்டுக்கு மேலாகப் பள்ளி நடத்தும் ஊர் நம் பாளையங்கோட்டை. அந்தப் பிள்ளைகள் வர முடியாத பாதையை இந்த ஊரில் போடலாமா?

என்ன செய்ய வேண்டும்? படித்துறையில் ஒரு மீட்டர் இறங்குவதற்கு 12 மீட்டர் நீளத்துக்குச் சரிவு போட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கச் சமதளம், இரண்டு பக்கமும் கைப்பிடி. இடமில்லை என்று சொல்லி அந்த நீளத்தைப் பாதியாக வெட்டினால், ஏறுகிறவர் பின்னால் சாய்ந்து விழுவார். அப்படிப்பட்ட சரிவு இல்லாமலிருப்பதே மேல்!

சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் நடுவே வெள்ளைக் கோடு மட்டும் போதாது. பார்வையற்றவரின் கைத்தடிக்குக் கோடு தெரியாது, மேடுபள்ளம்தான் தெரியும். சைக்கிள் சத்தமில்லாமல் வரும் வண்டி. ஆகவே இரண்டு தடத்துக்கும் நடுவே தடி தட்டுப்படுகிற மாதிரி ஒரு விளிம்பு வேண்டும். இன்னொன்று: மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாதென்று வாசலில் நெருக்கமாகக் கம்பி நடுவார்கள். அதில் முதலில் மாட்டிக்கொள்வது சக்கர நாற்காலிதான். கம்பிக்குக் கம்பி 90 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். அதில் பைக் நுழைந்தால் பிடிப்பது காவலரின் வேலை.

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பரில் எதிர்க்கரையில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் வந்ததைப் பார்த்தோம். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோகிறோம், வடிந்ததும் திரும்ப அழைத்து வருகிறோம். ஆற்றோடு வாழத் தெரிந்தவர்கள் போட்ட ஏற்பாடு அது. நம் பாதைக்கும் அந்த அறிவு வேண்டும். முக்கியத் தடம் கரைமேட்டில் போகட்டும். ஆற்றுக்கு இறங்கும் கிளைகள் மட்டும் முழுகி எழட்டும். கரையோரத்து மருத மரம் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது. சாக்கடை ஆற்றில் கலப்பதை நிறுத்தாமல் பாதை போட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும்.

மாநகராட்சியாரிடம் ஒரே வேண்டுகோள். டெண்டர் விடுவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில், வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பொறியாளர்களோடு இந்தக் கரைக்கு வாருங்கள். சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரையும், கைத்தடி பிடித்து நடக்கிற ஒரு மாணவியையும், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாயையும் நாங்கள் அழைத்து வருகிறோம். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ, அங்கே வரைபடத்தைத் திருத்துங்கள்.