ஈரம் காயும் முன்னே



ஓவியத்துக்கு 1921-லேயே இரங்கல் கூட்டம் நடந்துவிட்டது. மாஸ்கோவில் ரஷ்ய ஓவியர் ரோட்சென்கோ மூன்று கித்தான்களை மாட்டினார். முழுக்கச் சிவப்பு, முழுக்க மஞ்சள், முழுக்க நீலம். இத்தோடு ஓவியம் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் புகைப்படம், சுவரொட்டி என்று போய்விட்டார். பின்னாளில் அவரே தூரிகையை மறுபடி எடுத்தது வேறு கதை.

இன்று கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்குப் போனால் காணொளியும் நிறுவல் கலையும்தான் முதலில் ஆளை இழுக்கின்றன. "போன்லயே எல்லாம் வந்துடுதே, இதை ஏன் உட்கார்ந்து வரையணும்?" என்று இன்று பட்டம் வாங்கும் உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்வி.

பதிலுக்கு ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரைப் பாருங்கள். 1977 அக்டோபர் 18 அன்று, ஸ்டுட்கார்ட் சிறையிலிருந்த தீவிரவாதக் குழுவினர் மூவர் இறந்தார்கள். அந்தக் குழுவைப் பற்றிய படங்களை நாடே பத்திரிகையில் பார்த்துவிட்டது. பதினோரு வருஷம் கழித்து, 1988-ல், பத்திரிகைப் படங்களையும் போலீஸ் படங்களையும் வைத்து ரிக்டர் 15 ஓவியங்கள் தீட்டினார். எல்லாம் கறுப்பும் சாம்பலும். தீட்டியதோடு விடவில்லை, சாயம் காயும் முன்னே அதன்மேல் தூரிகையை இழுத்துக் கலைத்தார். அந்தக் குழுவின் உல்ரிகே மைன்ஹோஃப் 1976-லேயே இறந்தவர். அவருடைய தலை மட்டும் மூன்று கித்தானில் வருகிறது, போகப்போகச் சிறிதாக. பத்திரிகையில் ஒரு நொடியில் புரட்டிய முகம் இங்கே நம்மை நகரவிடாது. ஒரு மனிதன் அதன்முன் எத்தனை நாள் நின்றிருக்கிறான் என்பது அந்த ஈரத் தீற்றலிலேயே தெரிகிறது. புரட்டிப் போன முகத்தின் முன் நம்மை இப்படி நிறுத்துவதுதான், என் கணக்கில், ஓவியத்தின் இன்றைய இடம்.

அப்படி நாள்கணக்கில் நின்று வேலை செய்யும் நிதானம் எனக்கு வர நாளாயிற்று. மாணவனாக இருந்தபோது, கண்காட்சித் தேதி நெருங்கியதால், அடிப்பூச்சு காயாமலே மேல்பூச்சு பூசினேன். சாயத்திலுள்ள ஆளி விதை எண்ணெய் தண்ணீர்போல ஆவியாகிப் போகாது. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெல்ல இறுகும். ஆறே மாதத்தில் படம் வறண்ட ஏரிபோல வெடித்தது. இன்னும் என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது.

சோற்றுக்கு என்ன வழி என்கிறீர்களா? 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் காசு சேர்த்தார்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி வீட்டில் ஓர் அறையில் டர்பன்டைன் வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.