டீ வாங்கிக் கொடுத்த பையன் போட்ட மெட்டுக்குத் தமிழ்நாடே எழுந்து நிற்குது!

(மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. நினைவு நாளில், கோவையில் நம்ம இளைஞர்களிடம் பேசிய உரை)



திருச்சி ரோட்டுல தினமும் போறோம். 1940-களில் நம்ம கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் படம் எடுத்துச்சு. அங்கே டீ, காபி வாங்கிக் கொடுக்கிற ஆபீஸ் பையனா இருந்தவர்தான் எம்.எஸ்.விஸ்வநாதன்! பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தவர். இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுகிட்ட இருந்து தொழிலைக் கத்துக்கிட்டார்.

1964-ஐ மட்டும் பாருங்க. 'கர்ணன்' படத்துக்கு இந்துஸ்தானி ராகங்கள். 'காதலிக்க நேரமில்லை'க்கு மேற்கத்தியத் துள்ளல். 'புதிய பறவை'க்குப் பிரம்மாண்ட ஆர்கெஸ்ட்ரா. மூணும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி கூட்டணி, ஒரே வருஷத்துல!

இவருக்குக் கடைசி வரை ஒரு பத்ம விருதுகூட வரல. 2015 ஜூலை 14-இல் மறைஞ்சுட்டார்.

ஆனா, மனோன்மணீயம் சுந்தரனாரின் வரிகளை 1970-இல் முதல்வர் கலைஞர் தமிழ்த்தாய் வாழ்த்தா அறிவிச்சப்போ, மோகன ராகத்துல மெட்டுப் போட்டவர் இவர்தான். 2021-இல் அது மாநிலப் பாடலாச்சு. 55 விநாடி. முதலமைச்சரா இருந்தாலும் எழுந்து நிக்கணும்!

வீட்டுல பேசினது மலையாளம். வாழ்ந்தது தமிழுக்காக. "உனக்கென்ன தகுதி, நீ எந்த ஊரு?"ன்னு யாராவது கேட்டா, இந்தக் கதையைச் சொல்லுங்க.

அடுத்த கூட்டத்துல வாழ்த்து ஒலிக்கும்போது சும்மா நிக்காதீங்க. வாய்விட்டுப் பாடுங்க!

#மெல்லிசைமன்னர் #தமிழ்த்தாய்வாழ்த்து #கோவை